அடுத்தவர் சுவரில் ஊர் விளக்கு

தெருவிளக்கு மாட்டுகிறவனைத் திட்ட யாருக்கும் தைரியம் வேண்டியதில்லை; அவன் ஏணி உச்சியில் நிற்பான், ஏணியின் கால் திட்டுகிறவர் கையில் இருக்கும்.

கையெழுத்து ஒருத்தர், சமையல்கட்டு ஒருத்தர்

நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் டிரில்லிங் மெஷின், இன்னொரு கையில் பாதி மாட்டிய கிளாம்ப். கீழே ஒரு அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு, இறங்கவும் விடாமல் ஏறவும் விடாமல் என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான். சந்துப் பக்கம் இருந்து பார்த்தால் கனமான சுவர் மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்துவிட்டு ஓட்டை போடு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தட்டிக்கொண்டு நிற்க எனக்கு நேரம் இல்லை. அந்த இடத்தில் உள்பக்கம் ஒரு அலமாரிக் குழி இருந்திருக்கிறது. நான் அழுத்தின அழுத்தில் டிரில் பிட் அந்தப் பக்கம் போய், மிளகாய்த்தூள் டப்பாவைத் தள்ளிவிட்டு, அடுப்பில் கொதித்த பருப்புக்குள் கால்படி மண்ணையும் உதிர்த்துவிட்டது.

வீட்டுக்காரர் சம்மதம் கொடுத்திருந்தார். டீக்கடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டதை வீட்டில் சொல்லவில்லை. "உங்க ஊட்டுக்காரரு கையெழுத்துப் போட்டுட்டாருங்க, என்னைய எதுக்குக் கேக்கறீங்க" என்று மேலே இருந்து கத்தினேன். பருப்பு போன ஆத்திரத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற பேச்சா அது? அக்கம்பக்கத்தில் இருந்து ஆட்கள் வந்து அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். என் தலை முழுக்கச் செம்மண், தும்மல் வேறு. அந்த அம்மா ஏணியை லேசாக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "அவரு கையெழுத்துப் போட்டா அவரு நெத்தியில போயி ஓட்டை போடு சாமி. இது என்ற சமையக்கட்டு."

முக்கு

கேபிள் இழுக்கிறவர்கள், மீட்டர் கணக்கெடுக்கிறவர்கள், சிலிண்டர் தூக்குகிறவர்கள், உங்களுக்கெல்லாம் இது புதிதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். பரமத்தி வேலூர் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். கடைவீதிக்குப் பின்னால் இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சந்து. கிணற்றுச் சந்து என்பார்கள், கிணறு எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கம்பம் நட்டால் பால் வண்டி நுழையாது, அவ்வளவு குறுகல். அதனால் நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது: இரண்டு பக்கமும் இருக்கிற சொந்தக் கட்டடங்களின் சுவரிலேயே விளக்கு மாட்டுவது. கரண்ட் நகராட்சியுடையது, விளக்கு நகராட்சியுடையது, சுவர் மட்டும் அவரவருடையது. கான்ட்ராக்ட் எடுத்தவரிடம் சேகர் அண்ணன் ஃபோர்மேன். பன்னிரண்டாவதோடு படிப்பு போதும் என்று வந்த நான் அவருக்குக் கீழே. சம்மதம் வாங்குவது, ஓட்டை போடுவது, மாட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் நான்.

இந்த விளக்குகளுக்காகக் காத்திருந்தவர் மேகலா அக்கா. சந்தின் ஒரு முனையில் இருக்கிற ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவர். வேலை முடிந்து பஸ் ஏற இந்தச் சந்தில்தான் வர வேண்டும். சந்து திரும்புகிற முக்கில், இருட்டில் நின்ற எவனோ அவருடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டான். விழுந்து முழங்கை பேர்ந்துபோனது. ஆள் யார் என்று சொல்ல முடியவில்லை, அத்தனை இருட்டு. அதில் இருந்து அவருடைய அப்பா ஒரே பேச்சில் நிற்கிறார்: மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குள் அந்த முக்குக்கு விளக்கு வந்தால் வேலைக்குப் போகலாம், வராவிட்டால் வீட்டில் இருக்கலாம். மேகலா அக்காவுக்கு அந்த வேலை பிடிக்கும். அடுத்த வருஷம் சேலைப் பிரிவே அவர் பொறுப்பில் வரும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முக்கைப் பற்றித்தான் கேட்பார். சமையல்கட்டு விவகாரம் கடைவீதி முழுக்கப் பரவிய அன்றைக்கு, என் முன்னால் வந்து நின்று சிரிக்காமல் சொன்னார்: "நீங்க எந்தச் செவுத்துல வேணும்னாலும் ஓட்டை போடுங்க தம்பி. எங்க முக்குக்கு வர்றப்ப மட்டும் ஒழுங்காப் போட்டுருங்க."

சாட்சி

சந்தின் நடுவில் ஒரு வெற்றிலை மண்டி. பெரியவர் ஒருத்தர், முதலாளியும் அவர்தான், ஆளும் அவர்தான். ஈரச் சாக்கில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே நன்றாகப் பேசுவார், கையெழுத்து மட்டும் போட மாட்டார். "கவர்மெண்டு சாமான் ஒண்ணைச் செவுத்துல ஏத்திட்டமுன்னா, பின்னால செவுரே கவர்மெண்டுதுன்னு ஆயிருமுங்க" என்பது அவர் கட்சி. சேகர் அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: சுவர் உங்களுடையதுதான், விளக்கு வேண்டாம் என்று என்றைக்குத் தோன்றினாலும் எழுதிக் கொடுத்தால் கழற்றிவிடுவார்கள். பெரியவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் செவுத்தை எவனுங்க எடுத்துக்குவான்? சும்மா குடுத்தாலும் வேண்டாம்பான். ஒரு மழை பேஞ்சா அதுவே உழுந்துரும்" என்றேன். வெற்றிலை வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கடையைத் தானே ஒரு தடவை பார்த்தார். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். அந்தக் கட்டடம் பாதியில் வெட்டின மாதிரி இருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் வாசல் இருந்திருக்கிறது. ரோட்டை அகலமாக்கும்போது முன் அறை முழுக்கப் போய்விட்டது. அதன்பிறகுதான் அவர் பின்பக்கத்தை வாசலாக்கி இந்தச் சந்துக்கு வந்திருக்கிறார். சேகர் அண்ணன் என் பின்மண்டையில் ஒன்று வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.  பெரியவர் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்தைப் போட்டார். "ரோட்டுக்கு எடுத்தப்பவும் மொதல்ல ஒருத்தன் வந்து சும்மா ஒரு ஆணியை அடிச்சுட்டுத்தான் போனான். நாளைக்கு இந்த லைட்டைக் காட்டிட்டு எவனாச்சும் வந்தான்னா, செவுரு என்றதுன்னு நீதான் சாமி சாட்சி சொல்லோணும்."

கண் சிமிட்டின சந்து

இந்த விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. தலையிலேயே ஒரு சென்சார் இருக்கும், சின்னக் கண் மாதிரி. இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். அந்தக் கண் வானத்தைப் பார்க்க வேண்டும், எதிர் விளக்கைப் பார்க்கக் கூடாது. இதை சேகர் அண்ணன் காலையில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே விஷயத்தை ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்குக் காது மூடிக்கொள்ளும். வெயில் வேறு. வெற்றிலை மண்டியில் ஒன்று, எதிர்ச் சுவரில் ஒன்று, இரண்டையும் கிடைத்த கோணத்தில் முடுக்கிவிட்டு இறங்கிவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. இரண்டும் எரிந்தன. கீழே நின்ற எல்லாரும் கைதட்டினார்கள். தட்டின கை ஓய்வதற்குள் இரண்டும் அணைந்தன. மறுபடி எரிந்தன, மறுபடி அணைந்தன. ஒன்றின் வெளிச்சத்தைப் பார்த்து இன்னொன்று விடிந்துவிட்டது என்று நினைக்கிறது. அணைந்ததும் இருட்டிவிட்டது என்று நினைக்கிறது. சந்து முழுக்க இதே கூத்து. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். டீக்கடைக்காரர் வந்து, நோம்பிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, அதற்குள் சீரியல் லைட் போட்டாயிற்றா என்று விசாரித்தார். அதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜவுளிக்கடை விட்டு மேகலா அக்காவும் இன்னும் சில பெண்களும் வந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பாதிச் சந்தில் நின்றுவிட்டார்கள். சுவர் ஓரமாக நின்ற மாடு கூட அந்த வெளிச்சத்தில் நகர்ந்து நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏணியை எடுக்க ஓடும்போது மேகலா அக்கா சொன்னார்: "இருட்டே தேவலைங்க தம்பி. அதுல ஒருத்தன் வந்தா ஒருக்காத்தான் வருவான். இதுல அவனே நூறு தடவை வர்ற மாதிரி இருக்குது."

கும்பிடு

அடுத்த நாள் அந்த இரண்டு சென்சார்களையும் வானம் பார்க்கத் திருப்பிவிட்டு, எரிகிறதா என்று பார்க்க ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கியிருக்கலாம். நேற்று வாங்கின சிரிப்பில் இறங்க மனசு வரவில்லை. இருட்டு கட்டியதும் என் தலைக்குப் பக்கத்திலேயே விளக்கு பளிச்சென்று எரிந்தது. அணையவில்லை. கீழே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கையில் இருந்த நாரைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். அந்தி நேரத்தில் விளக்கு வைத்தால் கும்பிடுவது அவர்கள் வழக்கம். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள், ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளக்குக்கும் அவர்களுக்கும் நடுவில் நான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஸ்க்ரூவோடு. நேற்று இந்தச் சந்தையே பயமுறுத்தினவனுக்கு இன்றைக்கு ஊர் கும்பிடு போடுகிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மறுபக்கம் திரும்பினேன்.

மறுபக்கம் பன்னிரண்டாவதில் எனக்கு இயற்பியல் எடுத்த சார் வந்துகொண்டிருந்தார். கையில் காய்கறிப் பை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அவர் கண்ணில் படாமல் இத்தனை நாள் தெரு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். சட்டென்று விளக்குக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டேன். அதுதான் அந்தச் சந்திலேயே வெளிச்சமான இடம் என்பது மறைந்த பிறகுதான் உறைத்தது. சார் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட ஏதாவது சொல்லியிருப்பேன். "ஏன்டா, ஒளிஞ்சுக்கறதுக்கு ஊர்லயே நல்ல எடமாப் பார்த்து ஏறியிருக்கற" என்றார்.

மாடி ஜன்னல்

ஜவுளிக்கடைக்கு எதிர் மாடியில் புதுசாகக் கல்யாணமான ஒருத்தர் குடியிருந்தார். விளக்கு எரிய ஆரம்பித்ததில் இருந்து டீக்கடையில் என் பக்கத்தில் வந்து வந்து உட்காருவார். எதையோ சொல்ல வருவார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் தைரியம் வந்து, "வெளிச்சம் நேரா ஜன்னல்ல உழுவுதுங்க, தூக்கம் வரமாட்டேங்குது, கொஞ்சம் திருப்பி வையுங்க" என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "தூக்கம் வரலைன்னா தலையோட போத்திட்டுப் படுங்க, இல்லீன்னா ஒரு திரை வாங்கிப் போடுங்க, அதுக்குப் போயி லைட்டைத் திருப்பச் சொல்றீங்களே" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.  மனுஷர் முகம் செத்துப்போனது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரு மறைப்புத் தகடு வச்சுக் குடு போ. ஒரு வருசம் போச்சுன்னா புள்ளைக்குப் பால் கலக்க வெளிச்சம் பத்தலைன்னு அவரே வந்து கழட்டச் சொல்லுவாரு."

சரிங்க பெரியப்பா

இப்படி ஊரில் எல்லாரிடமும் வாயை விட்ட நான், ஒரு ஆள் முன்னால் மட்டும் வாயே திறக்க மாட்டேன். முக்கில் இருக்கிற கட்டடம் என் பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன். தோட்டம் இருக்கிறது, போர் போடுகிற ரிக் வண்டி இருக்கிறது, டவுனில் இந்தக் கட்டடம் இருக்கிறது. எங்கள் அப்பாவே அவர் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார். கட்டடத்தின் முன்பக்கம் பெரியப்பாவின் அரிசிக்கடை. சந்துப் பக்கம் ஒரு கோடவுன் ஷட்டர், அதை ஒட்டி வாடகைக்கு ஒரு முட்டைக்கடை. பொழுது சாய்ந்தால் பாட்டிலோடு வருகிறவர்கள் ஆம்லெட்டை வாங்கிக்கொண்டு முக்கில் இருட்டில்தான் நிற்பார்கள். அந்த இருட்டு இருப்பதால்தான் அந்தக் கடை ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

நகராட்சியில் இருந்து ஒரு அதிகாரியும் சேகர் அண்ணனும் அரிசிக்கடைக்குப் போனபோது கடையில் கூட்டம். பெரியப்பா எழுந்து நின்று, "ஊருக்கு நல்லதுன்னா என்ற செவுரு எதுக்குங்க, தாராளமாப் போடுங்க" என்றார். எல்லாரும் அவரை மெச்சினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அவர்கள் போனதும் என் தோளில் கை போட்டுக் கோடவுனுக்குள் கூட்டிப் போனார். "மாட்டிக்க. தலையை மட்டும் நம்ம ஷட்டர் பக்கம் பார்த்து வச்சிரு. முட்டைக்கடைக்காரன் பொழப்பையும் பார்க்கோணுமல்லடா" என்றார். மேகலா அக்கா என்று ஆரம்பிக்க நினைத்தேன். "சரிங்க பெரியப்பா" என்றுதான் வந்தது.

அன்றைக்கு சேகர் அண்ணன் வேறு வார்டில் இருந்தார். நானே ஏறினேன், நானே திருப்பினேன். ஒருத்தரும் என் கையைப் பிடித்துத் திருப்பவில்லை. பொழுது சாய்ந்ததும் ஷட்டரில் ஒவ்வொரு மடிப்பும் எண்ணுகிற மாதிரி வெளிச்சம். ஷட்டருக்கு அடியில் போன எலி கூடத் தெரிந்தது. நாலு எட்டு தள்ளி முக்கு அப்படியே இருட்டு. பக்கத்தில் வெளிச்சம் இருந்ததால் முன்பைவிடக் கறுப்பு. ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது மேகலா அக்கா வந்தார். ஷட்டரைப் பார்த்தார், முக்கைப் பார்த்தார், அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "ரொம்ப நல்லா எரியுதுங்க தம்பி" என்றார், "ஆருக்குங்க?"

போசி

நோம்பிக் கொடி ஏறிய பிறகு, ஒரு சாயங்காலம் மேகலா அக்காவின் அப்பா கிராமத்தில் இருந்து டிவிஎஸ் வண்டியில் வந்தார். முக்கில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். இருட்டில் நின்ற ஆட்கள் அவரைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவரும் ஆம்லெட்டுக்கு வந்தவர் என்று நினைத்து. நான் எதிர்ப்பக்கம் இன்னொரு வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். "இதுங்களா அந்த லைட்டு?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். ஷட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவே இல்லை. "நாளையில இருந்து புள்ளை வரமாட்டாள்னு கடையில சொல்லிட்டு வந்தர்றேன், வண்டியை ஒரு எட்டுப் பார்த்துக்கங்க தம்பி" என்று சாவியை என்னிடமே கொடுத்துவிட்டு ஜவுளிக்கடைப் பக்கம் நடந்தார்.

அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பெரிய யோசனை எல்லாம் இல்லை. ஏணியைத் தூக்கி இந்தப் பக்கம் சாத்தி ஏறினேன். கையில் ஸ்பேனர் இருந்தது. எரிகிற விளக்கு சுடும் என்பதை மறந்து பிடித்ததில் விரல் பழுத்துவிட்டது. தலையை முக்குப் பக்கம் திருப்பினேன். ஒருத்தர் கையில் கிளாஸ், ஒருத்தர் வாயில் பாதி ஆம்லெட், ஒருத்தர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். துண்டு இருந்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டார்கள், இல்லாதவர்கள் தட்டை முகத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். சுவரைப் பார்த்து நின்றவர் திரும்பாமலே, "போடறதுக்கு முன்னால ஒரு கொரல் குடுக்க மாட்டியாப்பா" என்றார். கொஞ்ச நேரத்தில் முக்கில் யாரும் இல்லை. முட்டைக்கடைக்காரர் மட்டும் கரண்டியோடு வெளியே வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி டிவிஎஸ் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அப்பாவும் மகளும் வந்தார்கள். மேகலா அக்காவின் கண் சிவந்திருந்தது, எப்போதும் கையில் இருக்கிற சாப்பாட்டுப் பாத்திரம் இல்லை. முக்கு திரும்பினதும் இரண்டு பேரும் நின்றார்கள். தரையில் முட்டை ஓடும் பிளாஸ்டிக் கிளாஸும் கிடப்பது வரைக்கும் தெரிந்தது. அப்பா அண்ணாந்து பார்த்தார். என்னிடம் சாவியை வாங்கினார். வண்டியைத் தள்ளிக்கொண்டே அந்த வெளிச்சத்தைக் கடந்து போனார். மகள் கூடவே நடந்தார். வெளிச்சம் முடிகிற இடத்தில் நின்று மகளிடம் சொன்னார்: "திரும்பிப் போயி, நாளைக்கு வாரேன்னு கடைக்காரங்ககிட்டச் சொல்லிட்டு வா. சோத்துப் போசியையும் அங்கயே வச்சுட்டு வந்துட்ட பாரு."

ரிப்பேர்

இதோடு நிறுத்தினால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். அன்றைக்கே பெரியப்பா போன் செய்தார். முட்டைக்கடைக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா சத்தம் போடவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. "நாளைக்கு அந்த லைட்டைக் கழட்டிரு. ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்" என்றார். அவரே எழுதிக் கொடுத்தால் நகராட்சி கழற்றிவிடும். ஆனால் கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தாராளமாகப் போடுங்கள் என்றவர் அப்படி எழுத முடியாது. அதனால் நான்தான் கழற்ற வேண்டும். முடியாதுங்க பெரியப்பா, அந்த வழியில் பெண்கள் நடக்கிறார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெற்றிலை மண்டிக்காரரைச் சந்தி சிரிக்க வைத்த வாய்தானே இது? "சரிங்க பெரியப்பா, காலையில கழட்டிடறேங்க" என்றேன். காலையில் கழற்றவில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். ஏணி வேறு வார்டுக்குப் போயிருக்கிறது என்றேன். ஏணி எனக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. அதற்கு அடுத்த தடவை ஸ்பேனர் தொலைந்துவிட்டது, அதற்கடுத்து எனக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டில் பெரியப்பா பெயரைச் சொன்னாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

இதற்கிடையில் மேகலா அக்கா ஒரு பை நிறைய நோம்பிப் பலகாரத்தோடு வந்து நின்றார். சேலைப் பிரிவை அவரிடமே கொடுத்துவிடுவதாகக் கடையில் மறுபடியும் சொல்லியிருக்கிறார்களாம். பையில் பாதி எனக்கு, பாதி பெரியப்பாவுக்கு. அவர் பெரிய மனசு பண்ணித்தான் விளக்கைத் திருப்பச் சொன்னார் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லைங்க அக்கா, அவர்தான் ஷட்டர் பக்கம் வைக்கச் சொன்னார், நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் முறுக்கு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். போகிறபோது திரும்பிச் சொன்னார்: "நான் போயிச் சொன்னா நல்லாருக்காதுங்க தம்பி. மறக்காம நீங்களே உங்க பெரியப்பாருகிட்ட நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

விளக்கைக் கழட்டிவிட்டாயா என்று பெரியப்பாவும் நன்றி சொல்லிவிட்டாயா என்று மேகலா அக்காவும் பார்க்கிறபோதெல்லாம் கேட்கிறார்கள், ஊரில் எல்லாரையும் முகத்துக்கு நேராகப் பேசின நான் ரெண்டு பேரிடமும் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ரெண்டையும் செய்யாமல் சந்து சந்தாக ஏணியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.